ஜீன் திரேஸின் ஆய்வு வாழ்க்கை: வறுமையை அளப்பவர் வறுமைக்கு எதிராகக் குரல் கொடுக்கலாமா?

பொருநை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லூரியில் வளர்ச்சிப் பொருளியல் நடத்துகிறேன். ஜீன் திரேஸைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மாணவர்கள் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகிறார்கள்: அவரை ஆய்வாளர் என்பதா, போராளி என்பதா? வறுமையை அளக்கிறவர் வறுமைக்கு எதிராகத் தெருவில் இறங்கிவிட்டால் அவருடைய அளவுகோலை எப்படி நம்புவது என்ற ஐயம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதை இங்கே விரிவாகப் பேச விரும்புகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மக்களோடு நெடுங்காலம் இருந்ததால்தான், மற்றவர்கள் கேட்கத் தவறிய கேள்விகளை அவரால் கேட்க முடிந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். 1959-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் பிறந்தவர். தந்தை ழாக் திரேஸும் பெயர்பெற்ற பொருளியலாளர். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பொருளியல் படித்துவிட்டு 1979-இல் இந்தியா வந்து, டெல்லியில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்றார். உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் மாவட்டத்தில் உள்ள பாலன்பூர் என்ற கிராமத்தில் 1983-84-இல் தங்கி, அங்குள்ள குடும்பங்களின் நிலம், கடன், கூலி, பள்ளி என எல்லாவற்றையும் பதிவு செய்தார். பின்னர் லண்டன், டெல்லி, அலகாபாத், ராஞ்சி எனப் பல இடங்களில் கற்பித்தார். 2002-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார்.

அவருடைய தொடக்ககால ஆய்வுகளில் நான் மிக உயர்வாக மதிப்பது, அமர்த்தியா சென்னோடு சேர்ந்து 1980-களில் அவர் மேற்கொண்ட பஞ்சத் தடுப்பு ஆய்வு. 1970 முதல் 1973 வரை மகாராஷ்டிரத்தில் மழை தொடர்ந்து பொய்த்தது. அங்கே தலைக்குக் கிடைத்த தானியம், அதே காலத்தில் பஞ்சத்தில் சிக்கிய ஆப்பிரிக்க சாகேல் நாடுகள் பலவற்றைவிடக் குறைவாக இருந்தது. ஆயினும் மகாராஷ்டிரத்தில் பெரும் பஞ்சம் ஏற்படவில்லை. ஏன் என்று திரேஸ் தேடினார். சாலை போடவும் குளம் வெட்டவும் அரசு நிவாரணப் பணிகளைத் திறந்திருந்தது. வறட்சி உச்சத்தில் இருந்தபோது ஏறக்குறைய 50 லட்சம் பேர் அவற்றில் கூலி வாங்கினார்கள். கையில் காசு இருந்ததால் வெளி மாநிலத் தானியம் அங்கே வந்து விலைபோனது. வேலை கேட்டு ஊர்வலம் போனவர்களும் அதிகாரிகளை முற்றுகையிட்டவர்களும் இல்லாதிருந்தால், அந்தப் பணிகள் அவ்வளவு விரைவாகத் திறக்கப்பட்டிருக்காது என்பதையும் அவர் தமது விளக்கத்தின் ஒரு பகுதியாக எழுதினார். போராட்டத்தை அவர் பொருளியலுக்கு வெளியே வைக்கவில்லை. பஞ்சம் வராமல் தடுத்த காரணிகளில் ஒன்றாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

1880-ஆம் ஆண்டின் பஞ்ச ஆணையம், அதன் வழியே வந்த பஞ்ச விதித் தொகுப்புகள் (பஞ்ச காலத்தில் அரசு செய்ய வேண்டிய நிவாரணத்தை வகுத்த விதிகள்), மகாராஷ்டிரத்தின் வேலை உறுதித் திட்டம், 2005-ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் ஆகியவற்றை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால், அவருடைய ஆய்வும் செயல்பாடும் எங்கே சந்திக்கின்றன என்பது விளங்கும். அந்தச் சட்டத்தின் முதல் வரைவை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

---

தரவாளர்

பொருநை ஐயாவுக்கு வணக்கம். திரேஸின் எளிமையையும் உழைப்பையும் நானும் மதிக்கிறேன். ஆனால் தங்கள் மாணவர்களின் ஐயத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

நான் கணக்கெடுப்புத் துறையில் பணிபுரிகிறேன். கேள்வித்தாள் எழுதுகிறவர், ஒரு திட்டம் நல்லது என்று ஏற்கெனவே மேடையில் பேசிவிட்டவராக இருந்தால், எந்த ஊரைத் தேர்வது, கேள்வியை எந்தச் சொற்களில் கேட்பது, தயங்கும் விடையை எந்தக் கட்டத்தில் குறிப்பது என ஒவ்வொரு படியிலும் அவருடைய விருப்பம் அறியாமலேயே புகுந்துவிடும். அவருடைய களக் கணக்கெடுப்புகளில் பெரும்பாலும் மாணவத் தன்னார்வலர்களே செல்கிறார்கள். ஒரு நோக்கத்தின்மீது பற்றுக்கொண்டு வரும் இளைஞர்களுக்கும் பயிற்சி பெற்ற கணக்கெடுப்பாளர்களுக்கும் வேறுபாடு உண்டு.

இந்தக் குறையைத் தவிர்க்கத்தானே சீரற்ற முறையில் குழுக்களைப் பிரித்துச் செய்யும் கள ஆய்வுகள் வந்தன? யாருக்குத் திட்டம் போய்ச் சேர்கிறது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும்போது, ஆய்வாளரின் விருப்பத்துக்கு அங்கே இடம் சுருங்கிவிடுகிறது. 2019-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் இதற்காகத்தான்.

---

செங்கழுநீர்

தரவாளர் அவர்களின் கேள்வி நேர்மையானது. அதற்கு விடை காண, திரேஸின் முடிவுகள் எப்போதாவது அவருடைய நண்பர்களுக்குச் சங்கடம் தந்தனவா என்று தேட வேண்டும். தந்திருக்கின்றன.

1999-2000-ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நினைவிருக்கலாம். 1993-94-இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26 விழுக்காடாகக் குறைந்துவிட்டது என்று அரசு அறிவித்தது. பொருளாதாரச் சீர்திருத்த ஆதரவாளர்கள் அதைக் கொண்டாடினார்கள். எதிர்ப்பாளர்கள் வறுமை குறையவே இல்லை என்றார்கள். சிக்கல் கேள்வித்தாளில் இருந்தது. வழக்கமாகக் கடந்த 30 நாளில் வீட்டில் உண்டது எவ்வளவு என்று கேட்பார்கள். இந்த முறை கடந்த 7 நாள், கடந்த 30 நாள் என்று இரண்டு கட்டங்களை ஒரே தாளில் அருகருகே வைத்துவிட்டார்கள். ஏழு நாள் கணக்கைச் சொன்னவருக்கு முப்பது நாள் கணக்கு அதோடு பொருந்த வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பு. அதனால் 30 நாள் நுகர்வு உயர்ந்து பதிவாகி, வறுமை உள்ளதைவிடக் குறைந்ததாகத் தெரிந்தது.

2002-இல் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டனும் திரேஸும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் இதைத் திருத்தினார்கள். எரிபொருள் போன்ற சில செலவுகளுக்கு இரண்டு கணக்கெடுப்புகளிலும் கேள்வி ஒரே மாதிரி இருந்ததால், அவற்றைப் பிடித்துக்கொண்டு மொத்த நுகர்வை மதிப்பிட்டார்கள். அவர்கள் கண்டது: 1990-களில் வறுமை குறைந்தது உண்மை, அரசு சொன்ன வேகத்தில் குறையவில்லை, முந்தைய காலப் போக்கை ஒட்டியே குறைந்தது. அதோடு மாநிலங்களுக்கு இடையிலும், நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலும், நகரங்களுக்கு உள்ளேயும் ஏற்றத்தாழ்வு கூடியது. தெற்கும் மேற்கும் முன்னேற, வடக்கும் கிழக்கும் பின்தங்கின. இதில் எந்தத் தரப்புக்கும் முழு மகிழ்ச்சி இல்லை. தெருவில் இறங்கிய ஒருவர் தம் தரப்புக்கு மட்டும் எண்ணைச் சமைப்பவராக இருந்தால், வறுமை குறைந்தது என்ற வரியை அன்றைய சூழலில் அவர் எழுதியிருக்கத் தேவையில்லை.

---

ஆய்வு மாணவி

ஐயா, அம்மா, அனைவருக்கும் வணக்கம். பள்ளிக் கல்வி பற்றி ஆய்வு செய்து வருகிறேன். 1996-இல் கணக்கெடுப்பு நடந்து 1999-இல் வெளியான அடிப்படைக் கல்வி பற்றிய பொது அறிக்கையில் திரேஸின் பங்கு பெரிது என்பதால் ஒரு கருத்தைச் சேர்க்கிறேன்.

ஏழைப் பெற்றோர் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவதையே விரும்புகிறார்கள், பள்ளிமீது அவர்களுக்கு அக்கறை இல்லை என்று அந்நாளில் அதிகாரிகளும் ஆசிரியர்கள் பலரும் நம்பினார்கள். பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் பெற்றோரிடமே போய்க் கேட்டபோது, ஆண் பிள்ளைக்குப் படிப்பு முக்கியம் என்று 98 விழுக்காட்டினரும், பெண் பிள்ளைக்கு முக்கியம் என்று 89 விழுக்காட்டினரும் சொன்னார்கள். முன்னறிவிப்பின்றிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தபோதோ, ஏறக்குறைய பாதிப் பள்ளிகளில் அந்த நேரத்தில் பாடமே நடக்கவில்லை. ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட இமாசலப் பிரதேசத்தில் நிலைமை வேறாக இருந்தது. மலைக் கிராமங்களிலும் பெண் பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள்.

பெற்றோரின் விருப்பம் என்ன என்று அவர்களிடமே கேட்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றுவதற்கே அந்த ஊர்களில் வாழ்ந்த பழக்கம் வேண்டுமோ என்று எனக்குத் தோன்றுகிறது. பாலன்பூரில் தங்கியிராத ஒருவருக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்குமா?

---

வாடிப்பட்டிக்காரர்

நான் பொருளியல் படித்தவன் அல்லன். கூட்டுறவு ரேஷன் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். திரேஸ் எழுதியவற்றில் தமிழ்நாட்டைப் பற்றி வந்த பகுதிகளை மகன் படித்துக் காட்டியதால் இந்த இழையைப் பின்தொடர்கிறேன்.

1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று அட்டைகளைப் பிரித்தது. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோருக்கும் அரிசி என்ற முறையைத் தொடர்ந்தது. அரிசி வேண்டாம் என்பவர்கள் சர்க்கரை அட்டைக்குத் தாமாகவே மாறிக்கொள்ளலாம். வசதி உள்ளவனுக்கு எதற்கு அரிசி என்று கேட்கிறவர்கள் உண்டு. கடையில் நின்றவன் என்ற முறையில் அதற்கு விடை சொல்கிறேன். ஒரு தெருவில் எல்லோரிடமும் அட்டை இருக்கும்போது, புழுங்கலரிசி வண்டு பிடித்து வந்தால் முதலில் சத்தம் போடுகிறவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனு எழுதுகிறவர் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவர்கள் போடும் சத்தத்தில் மூட்டை திரும்பிப் போகும். நாற்று நடப் போகும் அம்மாவுக்கும் நல்ல அரிசி கிடைக்கும். ஏழைக்கு மட்டும் என்று கடையை ஒதுக்கிவிட்டால் அந்த ஆசிரியர் எங்கள் கடைப் பக்கமே வரமாட்டார்.

யார் ஏழை என்று தேர்ந்தெடுப்பதிலேயே பெரிய தவறு நடக்கிறது என்றும், உண்மையான ஏழைகளே பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள் என்றும் திரேஸ் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். எங்கள் அனுபவமும் அதுதான்.

---

தரவாளர்

வாடிப்பட்டி ஐயா சொன்ன காட்சி என்னை யோசிக்க வைத்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் நடப்பதை வைத்து நாடு முழுவதற்கும் பேச முடியுமா? நிர்வாகம் நன்றாக உள்ள மாநிலத்தில் எல்லோருக்கும் என்ற முறை வெல்கிறது. நிர்வாகம் சீரழிந்த மாநிலத்தில் அரிசிக்குப் பதிலாகப் பணத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் போட்டால் இடைத்தரகர் ஒழியமாட்டாரா? பணமாகத் தருவதை திரேஸ் ஏன் இவ்வளவு எதிர்க்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை.

---

ராஞ்சிவாசி

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பணி நிமித்தம் ஜார்க்கண்டில் பல ஆண்டுகள் இருந்தேன். ராஞ்சியை ஒட்டியுள்ள நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் தொடங்கிய சோதனைத் திட்டத்தை அருகிலிருந்து பார்த்தேன்.

அதுவரை அங்கே ரேஷன் அரிசி கிலோ 1 ரூபாய். புதிய முறையில் கிலோவுக்கு 31 ரூபாய் வீதம் அரசு வங்கிக் கணக்கில் போடும்; மக்கள் அதை எடுத்துக்கொண்டு அதே ரேஷன் கடையில் கிலோ 32 ரூபாய்க்கு வாங்க வேண்டும். கணக்குப் பார்த்தால் யாருக்கும் நட்டமில்லை. நடைமுறையில் என்ன ஆனது? பணம் வந்துவிட்டதா என்று பார்க்க முதலில் வங்கிக்குப் போக வேண்டும். வரிசையில் நின்று பாஸ்புக்கில் பதிந்து பார்த்தால்தான் எந்தக் கணக்கில் எவ்வளவு வந்தது என்று தெரியும். குடும்பத்தில் மூவருக்குக் கணக்கு இருந்தால் யாருடையதில் விழுந்தது என்பதே புதிராக இருக்கும். பல கிளைகளில் சிறு தொகையை எடுக்க விடாமல், பிரக்யா கேந்திரம் எனப்படும் சேவை மையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே விரல் ரேகை பதிய வேண்டும். அதன் பிறகுதான் ரேஷன் கடை. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ என்றால், கடைக்குள் நுழையும்போது கையில் 1,120 ரூபாய் வேண்டும். முதல் மாதப் பணம் வராதவர்கள் அதைக் கடன் வாங்கினார்கள். கடன் கிடைக்காதவர்கள் அரிசி வாங்கவில்லை. கிழவிகள் ஒரு மாத அரிசிக்காக மூன்று இடங்களுக்கு மாறி மாறி நடந்ததை நான் நேரில் கண்டேன்.

திரேஸும் மாணவர்களும் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ எல்லோருமே பழைய முறையைத்தான் விரும்பினார்கள். ராஞ்சிக்குப் பேரணி நடந்தது. 2018 ஆகஸ்டில் திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கேள்வித்தாளை நிரப்பியவர்கள் தன்னார்வலர்கள்தாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊதியம் பெறும் எந்தக் கணக்கெடுப்பாளர் குழுவும் அந்த மாதங்களில் அந்தப் பக்கம் வந்து நான் பார்க்கவில்லை.

---

செங்கழுநீர்

ராஞ்சிவாசி சொன்னதோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும்.

ரேஷன் கசிவு, அதாவது அரசு அனுப்பும் தானியம் மக்களுக்குப் போய்ச் சேராமல் வழியில் மறைவது, மாறாத ஒன்று அன்று. திரேஸும் பொருளியலாளர் ரீத்திகா கேராவும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் தரவைக் கொண்டு கணக்கிட்டபோது, நாடு முழுவதும் 2004-05-இல் ஏறக்குறைய 54 விழுக்காடாக இருந்த கசிவு 2011-12-இல் 42 விழுக்காடாகக் குறைந்திருந்தது. பீகாரில் அதே காலத்தில் 91-லிருந்து 24-ஆகக் குறைந்தது. தரவாளர் அவர்கள் சீரழிந்த நிர்வாகம் என்று சொன்னதற்குப் பீகாரைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. சத்தீஸ்கரில் கடைகளைத் தனியாரிடமிருந்து எடுத்து ஊராட்சிகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் தந்தார்கள். கடைக்காரர் கமிஷனை உயர்த்தினார்கள். மூட்டையைக் கடை வாசல் வரை அரசே கொண்டுபோய்ச் சேர்த்தது. இவை எல்லாம் சலிப்பூட்டும் நிர்வாக விவரங்கள். ஏழைக் குடும்பத்தின் தட்டில் சோறு விழுவது இந்த விவரங்களால்தான் என்பதால், நம் பொருளியல் வகுப்புகளில் இவற்றுக்கு இடமே இல்லாதது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

மற்றொன்று, தரவாளருக்குப் பிடித்த முறையிலேயே வந்த சான்று. ஜார்க்கண்டில் ஆதார் விரல் ரேகையை ரேஷனுக்குக் கட்டாயமாக்கியது பலனின்றி வலியை மட்டுமே தந்தது என்று திரேஸ் குழுவினர் 2017-இல் எழுதினார்கள். அதே மாநிலத்தில் கார்த்திக் முரளிதரன், பால் நிஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளியலாளர்கள் குலுக்கல் முறையில் பெரிய ஆய்வு நடத்தினார்கள். விரல் ரேகை முறையால் கசிவு குறிப்பிடும்படி குறையவில்லை என்றும், அட்டையோடு ஆதாரை இணைக்காதிருந்த குடும்பங்களுக்கு இழப்பு நேர்ந்தது என்றும் அவர்களும் கண்டார்கள். இரு வழிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

---

தரவாளர்

அந்த ஒப்பீட்டை ஏற்கிறேன். குலுக்கல் முறையில் வந்ததால் அந்தச் சான்று எனக்குக் கூடுதல் உறுதி தருகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். திரேஸ் எழுதியது சரியாக இருந்தது என்று மற்றொரு குழு சோதித்த பிறகுதானே நாம் பேச முடிகிறது? சோதிக்கப்படாத அவருடைய மற்றக் கணக்கெடுப்புகளை எந்த அளவுக்கு நம்புவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

---

பொருநை

நிற்கட்டும். எந்த ஆய்வாளரின் மீதும் அந்தக் கேள்வி நிற்கத்தான் வேண்டும். ஆனால் குலுக்கல் முறை அதிலிருந்து விடுபட்டது என்று நான் கருதவில்லை. எதைச் சோதிப்பது என்பதைக் குலுக்கல் தீர்மானிப்பதில்லை. பல நேரங்களில் அரசும் ஆய்வுக் குழுவும் கைகோத்து ஒரு சோதனையைத் தொடங்குகின்றன. அரசுக்குப் பிடிக்காத கேள்வி தொடக்கத்திலேயே விடுபட்டுப் போகிறது. இந்த ஆபத்தைப் பற்றி திரேஸ் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். சான்றிலிருந்து கொள்கைக்கு நேரே தாவ முடியாது, நடுவில் விழுமியங்கள் இருக்கின்றன, அவற்றை மக்கள் பொதுவெளியில் விவாதித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பது அவர் வாதம்.

விழுமியத்தை வெளியே சொல்லிவிட்டு ஆய்வு செய்வதில் ஒரு நன்மை இருக்கிறது. படிப்பவர் எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. 2001-இல் அரசுக் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கும் மேல் தானியம் குவிந்திருந்தது, ராஜஸ்தானில் வறட்சி. உணவு உரிமை கோரி மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு நவம்பர் 28-இல் வந்த ஆணை, அரசு தொடக்கப் பள்ளிகளில் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் உள்ள சமைத்த உணவைத் தர வேண்டும் என்றது. அந்த இயக்கத்தில் திரேஸ் முன்னின்றார் என்பது ஊரறிந்தது. தமிழ்நாட்டில் 1982-இலேயே விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம், அது முடியும் என்பதற்குக் கண்முன்னே நின்ற சான்றாக அவர்களுக்கு இருந்தது.

அதிகாரத்துக்கு அருகில் இருந்தபோதும் அவர் ஒத்துப்பாடவில்லை. மத்திய அரசுக்கு ஆலோசனை வழங்கிய தேசிய ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்துகொண்டே, உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான குழுவின் பரிந்துரை போதாது என்று 2010 அக்டோபரில் மறுப்புக் குறிப்பு வெளியிட்டார். 2019 மார்ச்சில் ஜார்க்கண்டின் கர்வா மாவட்டத்தில் உணவு உரிமை பற்றிக் கூட்டம் நடத்தப் போனபோது காவல்துறை அவரைப் பிடித்து வைத்துப் பிறகு விடுவித்தது. 2021-இல் தமிழ்நாடு அரசு அமைத்த பொருளாதார ஆலோசனைக் குழுவில் ரகுராம் ராஜன், அரவிந்த் சுப்பிரமணியன், எஸ். நாராயண் ஆகியோரோடு எஸ்தர் டஃப்ளோவும் திரேஸும் இடம்பெற்றார்கள். இரண்டு முறைகளும் ஒரே மேசையில் அமரத் தடையில்லை.

---

ஆய்வு மாணவி

ஒரு நடைமுறைக் கேள்வி. கிராமத்தில் தங்கிச் செய்யும் ஆய்வுக்கும் பெரிய தரவைக் கொண்டு செய்யும் ஆய்வுக்கும் இடையே என்னைப் போன்றவர்கள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டுமா?

---

செங்கழுநீர்

தேர வேண்டியதில்லை, தங்கையே. இப்போதைய வறுமை விவாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-18 நுகர்வுக் கணக்கெடுப்பின் முடிவுகளை அரசு வெளியிடவில்லை. 2022-23-இல் முறையை மாற்றி, ஒரு குடும்பத்துக்கு மூன்று முறை சென்று, மூன்று கேள்வித்தாள்களில் பிரித்துக் கேட்டார்கள். 2011-12-இல் ஒரே வருகையில் எல்லாம் கேட்கப்பட்டது. இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டு வறுமை இத்தனை விழுக்காடு குறைந்தது என்று பேசுகிறவர்கள், 2002-இல் டீட்டனும் திரேஸும் அவிழ்த்த அதே முடிச்சில் மீண்டும் சிக்குகிறார்கள். குடும்பவாரித் தரவு எவரும் பெறக்கூடியதாக இருக்கிறது. அதைப் பெற்று, இரண்டு கணக்கெடுப்புகளிலும் எந்தெந்தப் பொருள்களுக்குக் கேள்வி மாறாமல் இருக்கிறது என்று முதலில் பட்டியல் போடுங்கள். பிறகு உங்கள் ஊரில் சில வீடுகளில் அமர்ந்து, அந்த மூன்று கேள்வித்தாள்களையும் நீங்களே கேட்டு நிரப்பிப் பாருங்கள். எந்தக் கேள்வியில் அம்மாக்கள் தடுமாறுகிறார்கள், எந்தச் செலவைச் சொல்ல மறக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள். தரவாளர் அவர்களும் கேள்வித்தாளைப் பார்த்துக் கருத்துச் சொன்னால் நல்லது.

---

தரவாளர்

மகிழ்ச்சியோடு பார்க்கிறேன். வீடுகளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே எனக்கு எழுதுங்கள், அம்மா. ஊரின் முழு வீட்டுப் பட்டியலிலிருந்து மாதிரியை எடுப்பது எப்படி என்று முதலில் பேசிவிடுவோம்.